கரண்ட் போனால் மங்குகிற திரை: லேப்டாப் பேனலை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் பகுதியில் மாதத்துக்கு ஒரு நாள் ஷட்டவுன். காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் வருவதற்குச் சாயந்திரம் ஆகிவிடும். நான் திருப்பூரில் 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில், வீட்டு முன்னறையிலேயே மேஜை போட்டு, பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஆர்ட்வொர்க் செய்து கொடுக்கிறேன். பனியனில் வருகிற படத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்கிற மாதிரி ஃபைல் தயார் பண்ண வேண்டும். ஷட்டவுன் அன்றைக்கு லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிற வரை அந்த வேலை ஓடும்.

அப்படி ஒரு நாள்தான் திரை மூச்சு விடுவதைப் பார்த்தேன். குழந்தைகள் டி ஷர்ட்டுக்கான படம் அது. கருநீலத் துணியின் மேல் சந்தன நிறத்தில் ஒரு யானைக்குட்டி. காது ஓரத்தைச் சரிபார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். திரை முழுக்கக் கருநீலம் நிறைந்ததும் வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கியது. பட்டென்று அணையவில்லை, இரண்டு நொடி எடுத்துக்கொண்டு இறங்கியது. பையர் அனுப்பிய மெயிலைத் திறந்தேன், அது வெள்ளைப் பக்கம். அதே இரண்டு நொடியில் வெளிச்சம் மேலே ஏறியது. திரும்ப யானைக்குப் போனேன், திரும்ப இறங்கியது. காதில் நான் வைத்திருந்த வெளிர் கோடு ஒன்று சந்தன நிறத்தோடு கலந்து காணாமலே போனது.

மறுநாள் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் சார்ஜரைச் சொருகி ஆன் செய்தார். திரை நன்றாகவே இருந்தது. மூடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "பேனல் வீக் ஆயிட்டு வருதுங்க்கா. இப்பவே மாத்திக்கிட்டா நல்லதுங்க" என்று 6,800 ரூபாய் சொன்னார். பேனல் என்றால் படம் தெரிகிற திரைப் பலகையேதான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் அது. கையில் பணம் இல்லாததால் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பையிலிருந்து எடுத்து, சார்ஜர் போடாமல் திறந்தேன். யானைப் படத்தில் திரை மறுபடி இறங்கியது. சார்ஜரைச் சொருகினேன், நின்றுவிட்டது. பிடுங்கினேன், ஆரம்பித்தது. பத்துத் தடவையாவது சொருகிப் பிடுங்கியிருப்பேன். பேனல் கெட்டுப்போயிருந்தால் சார்ஜர் இருந்தாலும் கெட்டதுதான், இல்லாவிட்டாலும் கெட்டதுதான். சார்ஜரைப் பார்த்து நடந்துகொள்கிறது என்றால் லேப்டாப்புக்குள் ஏதோ ஒரு செட்டிங் அதைச் சொல்லிச் செய்ய வைக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

திரைக் கோளாறு என்று வந்தவுடன் எல்லோரும் என்ன ஆகிறது என்றே சொல்வார்கள். மங்குது, மினுக்குது, மஞ்சளாத் தெரியுது என்பார்கள். அது எப்போது ஆகிறது என்பதைப் பார்த்தால் பாதி வழி வந்த மாதிரி. அதற்கப்புறம் என் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று எத்தனையோ லேப்டாப்புகளைப் பார்த்துவிட்டேன். இந்த "எப்போது" என்னைக் கைவிட்டதே இல்லை.

முதலில் ஒரு வீடியோ, ஒரு துண்டுச் சீட்டு

கோளாறு வரும்போதே செல்போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அது நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும், அப்போது வீடியோதான் சாட்சி. ஒன்று கவனம்: லேப்டாப் திரையைப் போனில் எடுத்தால், கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடுவது போல வீடியோவில் சில சமயம் தெரியும். கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால் அது கேமராவும் திரை வெளிச்சமும் ஒத்துப்போகாததால் வருவது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கூடவே ஒரு சீட்டில் எழுதுங்கள்: மணி என்ன, சார்ஜர் போட்டிருந்ததா, எந்த புரோகிராம் திறந்திருந்தது, கடைசியாக அப்டேட் எப்போது ஓடியது, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் எந்தச் சாவியையாவது தெரியாமல் அமுக்கினீர்களா. என் சீட்டில் மூன்று நாளுக்கு எழுதியிருந்தேன். மூன்று நாளும் "சார்ஜர்: இல்லை" என்றே இருந்தது. முதல் நாளே அப்படி எழுதியிருந்தால் கடைக்குப் போன அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பேனலா, செட்டிங்கா

இதற்கு நான் நம்புகிற சோதனை பயாஸ் திரை. விண்டோஸ் இன்னும் எழுந்திருக்காத, டிரைவர் (திரை மாதிரி ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸுக்காக ஓட்டுகிற மென்பொருள்) எதுவும் வேலைக்கு வராத இடம் அது. ஷிஃப்ட் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வருகிற நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் அங்கே கொண்டுபோய் விடும். பழைய மாடல்களில் ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் சாவியைத் தட்ட வேண்டியிருக்கும். உள்ளே போய் எதையும் மாற்றக் கூடாது, சும்மா பார்த்தால் போதும். பத்து நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கோடு, துடிப்பு, மங்கல் எதுவும் அங்கே வரவில்லை, விண்டோஸுக்குள் போனதும் வருகிறது என்றால் பேனல் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். பயாஸ் திரையிலேயே கோடு ஓடினாலோ, மூடியைச் சாய்க்கும்போது மட்டும் வந்து போனாலோ, அது பெரும்பாலும் கேபிள் அல்லது பேனல். அதற்கு மேல் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் போங்கள்.

வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ ஒயரைச் சொருகிப் பார்ப்பது இன்னொரு வழி. டிவியிலும் அதே கோளாறு தெரிந்தால் பேனல் தப்பித்தது, டிரைவர் பக்கம் பார்க்க வேண்டும். டிவி நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பேனல்தான் போயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். என் லேப்டாப்பில் மங்கல் வந்த அன்று டிவியில் யானைக்குட்டி பளிச்சென்றே நின்றது. காரணம், நான் தேடிய அந்த செட்டிங் லேப்டாப்பின் சொந்தத் திரையை மட்டும் ஆள்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான் பாதி உண்மையைச் சொல்லும். கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலேயே விழுந்திருந்தால் (அதை வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள்) அது பேனல் இல்லை, பெரும்பாலும் சாஃப்ட்வேர். விழவில்லை என்றால் இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. வெளிச்சம் குறைப்பது, நைட் லைட் (ராத்திரியில் திரையை மஞ்சளாக்குகிற வசதி) போன்றவை படம் பிடித்து முடிந்த பிறகு திரைக்குப் போகிற வழியில் சேருகிறவை, அதனால் அவை ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காது. ஸ்கிரீன்ஷாட் நன்றாக இருக்கிறது, அதனால் பேனல் போச்சு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரியில் மட்டும் மங்கினால்

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். ஊர் முழுக்க ஷட்டவுன், கரண்ட் கட் என்று லேப்டாப் அடிக்கடி பேட்டரிக்கு மாறுகிற நமக்கு இதுதான் அதிகம் வருகிறது.

லேப்டாப்பில் பேட்டரியை நிறையத் தின்பது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு. அதை மிச்சம் பிடிக்க ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். திரையில் இப்போது ஓடுகிற படம் பெரும்பாலும் இருட்டாக இருக்கிறதா என்று படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இருட்டு என்றால் பின்விளக்கைக் குறைத்துவிட்டு, குறைத்தது தெரியாமல் இருக்கப் படத்தின் நிறங்களை வெளுப்பாக ஏற்றிக் காட்டும். சிம்னி விளக்கில் திரியை இறக்கிவிட்டு, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைக்கிற மாதிரி. சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, பேட்டரியும் கூடுதல் நேரம் வரும். வண்ணத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் சிரமம். ஏற்றிக் காட்டும்போது ஏற்கெனவே வெளிராக இருக்கிற நிறங்களுக்கு ஏற இடம் இருக்காது, பக்கத்து நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும். யானைக் காதின் வெளிர் கோடு காணாமல் போனது அப்படித்தான்.

உங்கள் திரையும் இதைச் செய்கிறதா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஏதாவது படம் வரைகிற புரோகிராமில் இரண்டு பக்கம் போடுங்கள். ஒன்று முழுக் கறுப்பு, இன்னொன்று முழு வெள்ளை. இரண்டிலும் நட்ட நடுவில் ஒரே சாம்பல் நிறத்தில் சின்னச் சதுரம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பஞ்ச் வைத்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டை சதுரத்தின் மேல் வருகிற மாதிரி திரையில் பிடியுங்கள். அட்டை இல்லாமல் பார்த்தால் கண் நம்மை ஏமாற்றிவிடும்: வெள்ளை நடுவில் இருக்கிற சாம்பல் கறுத்தும், கறுப்பு நடுவில் இருக்கிற சாம்பல் வெளுத்தும் தெரியும். அது கண்ணின் இயல்பு. அட்டையைப் பிடித்தபடி சார்ஜரைக் கழற்றிவிட்டு, கறுப்புப் பக்கத்திலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மாறுங்கள். ஓட்டையில் தெரிகிற சாம்பல் அசையாமல் நிற்க வேண்டும். மாறிய பிறகு ஓரிரு நொடி மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ, இந்த யுக்தி உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது.

நிறுத்துவதற்கு இரண்டு இடம் பார்க்க வேண்டும். முதல் இடம் விண்டோஸ் 11இலேயே இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் பிரைட்னஸ் என்கிற வரிசையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்பைத் தட்டினால் விரியும். "சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்டு ஆன் கன்டென்ட்" என்று ஒன்று இருக்கும். அதில் ஆஃப், ஆல்வேஸ், ஆன் பேட்டரி ஒன்லி என்று மூன்று வரும். ஆஃப் வையுங்கள். அதே இடத்தில் அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மாற்றுகிற இன்னொரு டிக்கும் சில மாடல்களில் உண்டு. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அதையும் எடுத்துவிடலாம், மேகம் போனால் கூடத் திரை ஆடும்.

இரண்டாவது இடம் கிராஃபிக்ஸ் சிப்பின் சொந்த புரோகிராம். இன்டெல் என்றால் இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரைத் திறந்து, சிஸ்டம், அதில் பவர், அதில் ஆன் பேட்டரி என்கிற பக்கம். டிஸ்ப்ளே பவர் சேவிங் என்று இருப்பதை ஆஃப் செய்ய வேண்டும். புது மாடல்களில் இந்த புரோகிராமின் பெயரும் அமைப்பும் மாறியிருக்கும், பவர் அல்லது டிஸ்ப்ளே பக்கத்தில் தேடினால் அகப்படும். ஏஎம்டி என்றால் அட்ரினலின் புரோகிராமில் டிஸ்ப்ளே பக்கத்தில் வாரி பிரைட் என்று பெயர். எனக்கு இரண்டு இடத்திலும் ஆன் ஆகியிருந்தது. முதலாவதை மட்டும் அணைத்துவிட்டு, சரியாகவில்லையே என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். இரண்டையும் பாருங்கள்.

அங்கேயே பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்று ஒன்று கண்ணில் படும். திரையில் எதுவும் அசையாமல் இருக்கும்போது சிப் ஓய்வெடுத்துக்கொள்ள, பேனல் தன்னிடம் இருக்கிற கடைசிப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மவுஸை அசைக்கும்போது மட்டும் திரை துடிக்கிறது, சும்மா இருந்து தொட்டால் ஒரு வெட்டு வெட்டுகிறது என்றால் இதை அணைத்துப் பாருங்கள். அந்தத் தொல்லை இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். சார்ஜ் 20, 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் ஒட்டுமொத்தமாக ஒரு படி மங்கி அப்படியே நின்றால் அது பேட்டரி சேவர் (புது விண்டோஸ் 11இல் எனர்ஜி சேவர் என்று பெயர்). செட்டிங்ஸில் பவர் அண்ட் பேட்டரி பக்கத்தில் அதற்கான டிக் இருக்கிறது. ஷட்டவுன் நாளில் அதை நான் அணைப்பதில்லை, அது இருந்தால்தான் மதியம் வரை ஓடும்.

பொழுது சாய்ந்தால் மஞ்சள்

என் தொழிலில் இதனால் ஒரு ஸ்ட்ரைக் ஆஃப் (ஒப்புதலுக்காகத் துணியில் அடித்துப் பார்க்கிற மாதிரி) வீணாகியிருக்கிறது, அதனால் சொல்கிறேன். மார்பில் வெளிர் நீல மேகம் வைத்த ஒரு டிசைன். யூனிட் அண்ணன் சாயந்திரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏனுங் அம்மிணி, மேகம் அழுக்காட்ட இருக்குதே, கொஞ்சம் நீலம் கூட்டுங்" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, கூட்டினேன். ஃபிலிம் எடுத்து, சட்டம் போட்டு, கலர் கலந்து அடித்துக்கொண்டு வந்தார். காலையில் மேஜை மேல் வைத்துப் பார்த்தால் சலவை நீலம் கொட்டின மாதிரி இருந்தது. திரையைத் திறந்தேன், திரையிலும் அதே சலவை நீலம். முந்தின நாள் சாயந்திரம் எங்கள் இருவர் கண்ணும் பார்த்தது வேறு.

நைட் லைட் ஆன் ஆகியிருந்தது. ராத்திரியில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையின் நீலத்தைக் குறைக்கிற வசதி இது, விண்டோஸில் 2017இல் வந்தது. சூரியன் மறையும் நேரத்துக்குத் தானாகவே ஆன் ஆகிற மாதிரி வைத்தால், கார்த்திகையில் 6 மணி வாக்கில் வரும், ஆனி ஆடியில் 6.45 தாண்டித்தான் வரும். அதுவும் மெல்ல மெல்ல ஏறும், அதனால் ஒரு குறிப்பிட்ட மணிக்கு மாறுகிறது என்று கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, நைட் லைட். அங்கே ஷெட்யூலை ஆஃப் செய்யுங்கள். டர்ன் ஆஃப் நௌ என்பதை மட்டும் தட்டினால் நாளைக்குச் சாயந்திரம் திரும்ப வந்து நிற்கும். சில லேப்டாப்புகளில் கம்பெனிக்காரர்களே கண் பாதுகாப்பு என்று தனியாக ஒரு புரோகிராம் வைத்திருப்பார்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் கூட, கடைசி ஷேடைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேன்டோன் டிசிஎக்ஸ் துணித் துண்டை (எண் போட்ட ஷேடு மாதிரி) லைட் பாக்ஸில் டி65 விளக்கில் (பகல் வெளிச்சம் போன்றது) வைத்துப் பார்க்கிற வழக்கம் நம் ஊரில் சும்மா வரவில்லை. திரை வழிகாட்டும், ஒப்புதல் தருவது துணிதான்.

நாள் முழுக்க மஞ்சள், அதுவும் ஒரு புரோகிராமில் மட்டும் என்றால் வேறு காரணம். போட்டோ பார்க்கிற புரோகிராமில் வெள்ளை மஞ்சளாகவும், அதே படம் பிரவுசரில் வெள்ளையாகவும் தெரிந்தால் கலர் புரொஃபைல் (திரையில் எந்த நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற ஃபைல்) தப்பாக உட்கார்ந்திருக்கும். டிரைவர் அப்டேட்டோடு சில சமயம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, உங்கள் திரையைத் தேர்வு செய்து, யூஸ் மை செட்டிங்ஸ் என்கிற டிக்கைப் போடுங்கள். ஆட் கொடுத்து எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான புரொஃபைலைச் சேர்த்து, அதை டீஃபால்ட்டாக வையுங்கள். புரோகிராமை மூடித் திறந்தால் வெள்ளை வெள்ளையாகும். முன்பு இருந்த புரொஃபைலின் பெயரைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி வைக்க வேண்டி வரலாம். ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டுகிற வசதி) உள்ள லேப்டாப்பில் எல்லாமே சாயம் போன மாதிரி வெளுத்துத் தெரிந்தால் விண்டோஸ் சாவி, ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள், ஹெச்டிஆர் ஆஃப் ஆகும்.

கை தவறி அமுக்கியது

ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற எங்கள் மாமா ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். ஏலத்துக்குப் போகிற அவசரம் அவருக்கு.

"கண்ணு, ஸ்கிரீன் பூராவும் கருப்பு வெள்ளையாப் போயிருச்சு. பட்டன் கலரே தெரியமாட்டேங்குது."

"எப்ப இருந்துங்க மாமா?"

"இப்பத்தான். ரேட்டை காப்பி பண்ணலாம்னு கன்ட்ரோல் சி அமுக்குனேன்."

"கூட விண்டோஸ் சாவியும் அமுங்கியிருக்குங்க. மூணையும் சேர்த்து இன்னொருக்கா அமுக்குங்க."

"அட, வந்திருச்சு கண்ணு!"

அது கலர் ஃபில்டர். நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்காக வைத்திருக்கிற வசதி. அந்தச் சாவிச் சேர்க்கைக்கு அனுமதி கொடுத்திருக்கிற லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யும், இல்லாவிட்டால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கலர் ஃபில்டர்ஸ் என்று போய் அணைக்கலாம். அவரிடம் "எப்ப இருந்து" என்று கேட்காமல் விட்டிருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறியிருப்பார்.

இந்த வகையில் இன்னும் இரண்டு. திரையில் எல்லாமே பூதாகரமாகி, மவுஸை நகர்த்தினால் படமே நகர்ந்தால் அது மேக்னிஃபையர். விண்டோஸ் சாவியும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்கினால் போய்விடும். திரை தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திரும்பிவிட்டால் செட்டிங்ஸ் டிஸ்ப்ளேயில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் என்று மாற்ற வேண்டும். பழைய இன்டெல் டிரைவர் உள்ளவற்றில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு மேல் அம்பு.

துடிப்பும் வெட்டும்

பக்கத்து வீட்டுப் பையன் பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கிறான். புராஜெக்ட் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது அவன் லேப்டாப் திரை துடிக்க ஆரம்பித்தது. முகம் வெளுத்துப்போய் வந்து நின்றான். "எப்ப இருந்துப்பா?" என்றேன். நேற்று ராத்திரி அப்டேட் ஓடியதாம்.

அப்படி நிற்கும்போது முதலில் செய்வது விண்டோஸ் சாவி, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அமுக்குவது. ஒரு பீப் கேட்டுத் திரை ஒரு கணம் கறுத்து வரும். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி துவங்குகிறது என்று அர்த்தம். திறந்திருக்கிற ஃபைல் எதுவும் மூடாது. கறுப்புத் திரையில் சிக்கிக்கொண்டவர்களுக்கும் இது கை கொடுக்கும். அவனுக்கு அரை மணி நேரம் நன்றாக இருந்து மறுபடி வந்தது.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதன் ஜன்னலையே உற்றுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சொல்கிற சோதனை இது. மற்றதெல்லாம் துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து துடித்தால் டிஸ்ப்ளே டிரைவர் காரணமாக இருக்கலாம். அது மட்டும் துடிக்காமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் காரணம், கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக அப்டேட் செய்தோ நீக்கியோ பாருங்கள். குரோம் பிரவுசரில் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது, வீடியோ ஓடினால் கறுக்கிறது என்றால் அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பக்கத்தில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்கிற பொத்தானை அணைத்து, குரோமை மூடித் திறந்தால் போதும்.

பையனுக்கு டாஸ்க் மேனேஜரும் துடித்தது. அப்படியானால் டிரைவரைப் பின்னால் எடுக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கிராஃபிக்ஸ் பெயரின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கம். ரோல் பேக் டிரைவர் என்பதை அமுக்கினால் முந்தைய டிரைவர் திரும்ப வரும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது லேப்டாப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போட வேண்டும். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருகிற எதையும் ஏற்றாதீர்கள். பையனுக்கு ரோல் பேக்கிலேயே நின்றது. ராத்திரி 11 மணி வரை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனான்.

டிரைவரைத் தொடும் முன் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் (ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வைக்கிற அடையாளம்) போட்டுக்கொள்ளுங்கள். திரை துடிப்பதால் கிளிக் செய்யவே முடியவில்லை என்றால் சேஃப் மோடுக்குப் போகலாம்: ஷிஃப்டோடு ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4ஐ அமுக்க வேண்டும். அங்கே மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிரைவர் மட்டும் ஓடும். திரை அங்கே அமைதியாக இருந்தால் கோளாறு உங்கள் டிரைவரிலோ புரோகிராமிலோதான். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) உள்ள லேப்டாப்பில் இந்த வழியில் போகும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

ரெஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்கிற கணக்கு) ஒரு பார்வை பாருங்கள். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. டைனமிக் என்று இருந்து திரை அவ்வப்போது வெட்டினால், 60 ஹெர்ட்ஸ் என்று நிலையாக வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி, சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் அது திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

இத்தனையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதில் தப்பே இல்லை. போகும்போது வீடியோவையும் சீட்டையும் காட்டி, "பயாஸ்லயும் வருதுங்க, மூடியைச் சாய்ச்சா கூடுதுங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் மெக்கானிக்கும் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார், எடுத்தவுடன் பேனல் விலை சொல்ல மாட்டார்.

பெரிய அப்டேட் ஓடி முடிந்தால் அணைத்து வைத்த செட்டிங்குகள் சில சமயம் திரும்ப ஆன் ஆகிக் கிடக்கும். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: பிரைட்னஸ் அம்பு, கிராஃபிக்ஸ் புரோகிராமில் பவர், நைட் லைட் ஷெட்யூல். ஷட்டவுன் என்று செய்தி வந்தால், முந்தின ராத்திரி சார்ஜ் போடும்போது இந்த மூன்றையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.